வீட்டின் வலப்பக்கம்

சென்ற ஆண்டு விழுப்புரத்தில் ஒரு திருமணப் பந்தியில் என் பக்கத்து இலையில் அமர்ந்திருந்த இளம் பொறியாளர் தம் நண்பருக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார். முன்னொரு காலத்தில் திண்டிவனத்தில் ஒரு வீட்டை மேல்தளம் வரைக்கும் கட்டி முடித்த பிறகு, அது இடம் வலமாக மாறிப் போயிருப்பதைக் கண்டுபிடித்தார்களாம். வீட்டுக்காரி தெருவில் உட்கார்ந்து அழுதாளாம். வரைபடம் போட்டவர் ஊரை விட்டே ஓடிவிட்டாராம். முழு வீட்டையும் இடித்துத் தள்ளிவிட்டு மறுபடியும் கடைக்காலிலிருந்து தொடங்கினார்களாம். அந்த வீட்டின் வேலையை மேற்பார்வையிட்டவன் தமக்குப் பக்கத்தில் ரசத்துக்காகக் காத்திருக்கிறான் என்பதை அவர் அறியார். நானும் சொல்லவில்லை. பந்தியில் ஒருவர் சுவைத்துச் சொல்லும் கதையை இடைமறிப்பது மரியாதையன்று என்று கருதினேன். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கதை என்னை உறுத்தியது. என் வாழ்நாளில் நான் மிகுந்த பெருமை கொள்ளும் வேலை, ஊர் வாயில் ஓர் இடிபாடாகத் திரிந்து கிடக்கிறது.

ஆகவே இதை எழுதுகிறேன். எழுதுவதற்கு ஒரு வரம்பும் வைத்துக்கொண்டேன். என் கண்ணால் கண்டது, அந்நாளில் உடனிருந்த மற்றொருவரும் ஒப்புக்கொள்வது, இவ்விரண்டும் கூடிய செய்தி மட்டுமே இங்கு இடம்பெறும். ஆண்டு எது என்பதில் எங்களுக்குள் உடன்பாடு இல்லை. ஆகையால் ஆண்டைச் சொல்லவில்லை. எண்பதுகளின் முற்பகுதி, சாராயக்கடைகள் அனுமதி பெற்று நடந்த காலம் என்ற அளவில் எல்லோரும் உடன்படுகிறோம். பேச்சுகளைச் சொல்லுக்குச் சொல் நினைவில் வைத்திருப்பதாக நான் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் கீழே வருகிற வேலையிடத்துப் பேச்சுகளை, வானூர்ப் பக்கத்தில் இன்றும் வாழ்ந்துவருகிற எங்கள் மேஸ்திரியிடம் போய்ப் படித்துக் காட்டினேன். அவர் ஓரிடத்தில் மட்டும் மறுத்தார். "நான் அப்படிச் சொல்லல சார். இன்னும் மோசமா சொன்னேன்" என்றார். அந்த மோசமான சொல்லை அச்சில் ஏற்ற இயலாது என்பதால் அவ்விடத்தையே நீக்கிவிட்டேன்.

நான் தமிழை முறையாகப் பயின்றவன். புலவர் பட்டம் பெற்று ஆசிரியப் பணிக்குக் காத்திருந்த நாளில், கட்டட ஒப்பந்தம் எடுத்துவந்த என் தாய்மாமன் தம் வேலைகளைக் கவனித்துக்கொள்ளும்படி அழைத்தார். காத்திருப்பு நீண்டு, அதுவே தொழிலாயிற்று. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வீடு கட்ட விரும்புகிறவர் சொற்களால் கேட்பார். கட்டடக் கலைஞர் அதற்குக் கோடுகளால் விடை தருவார். மேஸ்திரி அக்கோடுகளைக் கல்லும் சாந்துமாக மாற்றுவார். மூவரும் ஒன்றையேதான் சொல்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. உரையாசிரியனின் வேலை என்றே அதை நான் எண்ணிக்கொள்வேன். சந்தி பிரிக்கத் தெரிந்தவனுக்குச் சுவர் பிரிக்கத் தெரியாதா என்று மாமன் கேலி செய்வார். வேலையிடத்தில் எல்லோரும் என்னைப் 'புலவர் சார்' என்றே அழைத்தார்கள். அதிலும் கேலி உண்டு.

வீடு கட்ட வந்தவர் ஒரு பெண்மணி. திண்டிவனத்தில் தட்டச்சுப் பயிலகம் நடத்திவந்தார். ஊரார் அவரை 'டைப்பு டீச்சர்' என்றார்கள். கணவர் விழுப்புரம் சந்திப்பில் ரயில்வே ஊழியர். வேலை முறை மாறி மாறி வந்ததால் கட்டட வேலை தொடர்பான எல்லாவற்றையும் மனைவியே பேசினார். பயிலகம் ஒரு கடையின் மாடியில் வாடகைக்கு நடந்துகொண்டிருந்தது. கட்டடத்துக்காரர் அந்த மாடியைத் தங்கும் விடுதியாக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். சொந்த வீடு கட்டி, அதன் ஒரு பக்கத்தில் பயிலகத்தையும் அமைத்துக்கொள்வதென்று அவர் முடிவுசெய்தார். பயிற்சிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் படிப்பை முடிக்கும் நிலையிலிருந்த பெண்கள். பள்ளி விட்டதும் சீருடையோடு நேரே வந்து, தட்டச்சுப் பயின்றுவிட்டு, இருட்டுமுன் பேருந்தேறி ஒலக்கூர்ப் பக்கத்து ஊர்களுக்குப் போய்விடுவார்கள். அந்தப் பெண்கள் நின்றுவிட்டால் பயிலகம் நின்றுவிடும்.

மனையின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். கதை முழுவதும் அதில்தான் இருக்கிறது. மனை கிழக்குப் பார்த்தது. முன்னால் தெரு. இருபுறமும் சந்து. தெற்குப் பக்கத்துச் சந்து பெண்கள் பள்ளிக்குப் போகிறது. வடக்குப் பக்கத்துச் சந்தில் சாராயக்கடை இருந்தது. தெற்குச் சந்தை எண்ணித்தான் அவர் அந்த மனையையே வாங்கியிருந்தார்.

புதுச்சேரியில் தொழில் நடத்திய ஒரு கட்டடக் கலைஞரிடம் அவர் வரைபடம் கேட்டார். சென்னையில் படித்துவிட்டு வந்த இளைஞர், அழகாக வரைவார். "வீட்டுக்கு வலது பக்கம் மெஷின் ரூம் வரணும். பக்கவாட்டுல தனி வாசல் வெச்சுக் கொடுங்க" என்று அவர் கேட்டிருக்கிறார். கட்டடக் கலைஞரும் வலது பக்கம் என்றே குறித்துக்கொண்டிருக்கிறார். நான் நேரில் காணாவிட்டாலும், இந்த ஒரு செய்தியில் இருவரும் பிற்காலத்திலும் மாறுபடவில்லை. வரைபடம் வந்தது, அதில் அறை வலப்பக்கம் இருந்தது, அம்மையார் பார்த்து மகிழ்ந்து கையொப்பமிட்டார், நகராட்சி ஒப்புதலும் கிடைத்தது. அதன் பிறகுதான் வேலை எங்கள் கைக்கு வந்தது.

கட்டடக் கலைஞர் தந்த அமைப்பு சீரானது. நடுவில் கூடம். அதன் இருபுறமும் ஒரே அளவில் இரண்டு சிறகுகள். ஒரு சிறகு முழுவதும் தடுப்பில்லாத நீண்ட அறை. அது தட்டச்சுப் பொறிகளுக்கு. மற்றச் சிறகு குறுக்குச் சுவர்களால் பிரிக்கப்பட்டு, சமையலறையும் சாமான் அறையும் படுக்கையறையுமாக இருந்தது. சமையலறை தென்கிழக்கில் அமைந்தது. அக்கினி மூலையில் அடுப்பு என்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் விரும்பிக் கேட்கும் அமைப்பு. அம்மையாரின் கணவர் அதைப் பார்த்து மிகவும் மனம் நிறைந்தார். மேஸ்திரியும் நிறைந்தார். யாருக்கும் யாதோர் ஐயமும் எழாமல் போனதற்கு அந்த அடுப்பும் ஒரு காரணம் என்பது பின்னால்தான் விளங்கிற்று.

கடைக்கால் எழும்பி, தரைமட்டத்துக்கு மேல் பீடச் சுவரும் முடிந்தது. இதற்கு எங்கள் தொழிலில் 'பேஸ்மட்டம்' என்று பெயர். ஆங்கிலச் சொல்லோடு நம் மட்டத்தைச் சேர்த்து யாரோ ஒரு கொத்தனார் ஆக்கிய சொல். கடன்சொற்களில் கண்டிப்பு உள்ளவனாகிய நானும் இதை மட்டும் கடிந்துகொள்ள மனம் வராமல் ஏற்றுக்கொண்டேன். உள்ளே மண் நிரப்பத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியும் பார்க்க வந்தார்கள். அம்மையார் பீடத்தின் மேல் ஏறி, தலைவாசல் வரப்போகும் இடத்தில் நின்றார். நின்றவர் தெருவை நோக்கித் திரும்பினார். திரும்பி, வலக்கையைத் தெற்கே நீட்டினார்.

"இங்க சந்துக்கு வாசல் வருமே, எங்க மேஸ்திரி? இடம் விட்ட மாதிரியே தெரியலையே."

"அங்க ஏதும்மா வாசலு? அது சமையக்கட்டு. அக்கினி மூலை, அச்சா வந்துகினு இருக்குது பாருங்க."

"சமையக்கட்டா? அப்ப மெஷின் ரூமு?"

"அதோ, வடக்கால. பெரிய ரூமு. பிளான்ல அப்படித்தானே போட்டுக்கினு இருக்குது!"

அம்மையார் வடக்கே பார்த்தார். பட்டப்பகல், ஆயினும் சாராயக்கடைச் சந்தில் நின்றுகொண்டு இரண்டு பேர் உரக்கச் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"நான் வலது பக்கம்னு சொன்னேனே" என்றார்.

நான் வரைபடத்தை விரித்தேன். தெரு தாளின் அடியில் இருந்தது. அறை தாளின் வலப்பக்கம் இருந்தது. மேஸ்திரி அதில் விரலை வைத்து, "வலது பக்கந்தானேம்மா இருக்குது" என்றார்.

அம்மையார் தாளைப் பார்த்தார். பிறகு தம் வலக்கையைப் பார்த்தார். "தாளுக்கு வலது பக்கம் எனக்கு எதுக்கு? நான் வீட்டுக்கு வலது பக்கம் கேட்டேன்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு எல்லாம் ஒரு நொடியில் தெளிந்துவிட்டது. தமிழில் வீட்டுக்கு ஒரு முகம் உண்டு. முகம் உண்டானால் கையும் உண்டு. கோயிலில் சுவாமிக்கு வலப்புறம் என்றால், எதிரே நின்று கும்பிடுகிறவனுடைய வலக்கைப் பக்கம் அன்று. சுவாமியின் வலக்கைப் பக்கம். வண்டியில் வலத்து மாடு, இடத்து மாடு என்பதும் எதிரே வருகிறவன் கணக்கன்று. அம்மையார் வீட்டையே ஓர் ஆளாகத் தெருவைப் பார்த்து நிறுத்தி, அதன் வலக்கையைச் சொன்னார். கட்டடக் கலைஞரோ தெருவில் நின்று வீட்டைப் பார்த்து, தம் வலக்கையைக் குறித்தார். தாள் தெருவிலிருந்து வரையப்பட்டதால், அதில் அறை வலப்பக்கமே விழுந்தது. அம்மையார் கேட்ட சொல்லும் தாளில் கண்ட சொல்லும் ஒன்றாக இருந்தபோது, அவர் ஐயுறுவதற்கு என்ன இருக்கிறது? ஒரே சொல்லை இருவரும் சரியாகச் சொல்லி, சரியாகக் கேட்டு, வீடு மட்டும் மாறிப் போயிற்று.

கணவர் நல்லவர், ஆனால் அக்கினி மூலையை விட அவருக்கு மனமில்லை.

"போவட்டும் விடு. அடுப்பு தானா நல்ல மூலையில வந்து உட்கார்ந்துகினு இருக்குது. அதைப் போயி யாராவது கிளப்புவாங்களா? பொண்ணுங்க முன் வாசல் வழியா வரட்டுமே. வராண்டாவுல இருந்து ஒரு கதவு வெச்சிட்டா ஆச்சு."

"கதவை முன்னால கொண்டாந்துடலாங்க. ஜன்னலை எங்க கொண்டு போவீங்க?"

அம்மையார் வடக்கே கையை நீட்டினார்.

"மெஷின் ரூம்னா ஜன்னலைத் திறந்து வெக்கணும். திறந்தா அந்தச் சந்து. அவனுங்க பேசறது முழுக்க உள்ள கேட்கும். எந்த அப்பன் அங்க பொண்ணை அனுப்புவான்? நீங்களே அனுப்புவீங்களா?"

"எனக்குத்தான் பொண்ணு இல்லையே" என்று அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

மேஸ்திரி தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார். "பேஜாரா பூடுச்சே சார். இடிக்கறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. மண்ணு ரொப்பின அப்புறம் சொன்னா எங்காளுங்க என்னை ரொப்பிடுவானுங்க."

வேலையை நிறுத்தச் சொன்னேன். இடிக்கச் சொல்லவில்லை.

அவர்கள் போன பின்பு, நானும் மேஸ்திரியும் பீடத்தின் மேல் கயிறு கட்டிப் பார்த்தோம். சிறகுகள் இரண்டும் வெளியளவில் ஒன்று என்பது எங்களுக்குக் கிடைத்த நற்பேறு. வெளிச் சுவர்களின் கடைக்கால் எதையும் தொட வேண்டியதில்லை. உள் குறுக்குச் சுவர்கள்தாம் சிக்கல். தெற்குச் சிறகில் குறுக்குச் சுவர்களுக்காக எழுப்பிய கடைக்கால் இருந்தது; நீண்ட அறையாக மாற்றினால் அதன் மேல் சுவர் வராது. வடக்குச் சிறகிலோ இனிச் சுவர் வர வேண்டும். அடியில் கடைக்கால் இல்லை. நெடுநேரம் நின்று யோசித்தேன். இலக்கணத்தில் மிகுதலும் குறைதலும் உண்டு. மிகுந்தது கெடுதல் செய்யாது என்றால் அதை ஏன் நீக்க வேண்டும்? தெற்கில் மிகுந்த கடைக்காலை அப்படியே தரைக்குள் புதைத்துவிடலாம். வடக்கில் வருகிற தடுப்புகள் மேல்தளத்தைத் தாங்க வேண்டியவையல்ல; அவற்றை அரைக்கல் சுவராக மெலிதாக எழுப்பலாம். அதற்குப் பீடத்தின் உள்ளே கொஞ்சம் தோண்டி, சல்லி போட்டு, கருங்கல் அடுக்கினால் போதும். மண் நிரப்பாதது நல்லதாயிற்று.

இதைச் சொன்னபோது மேஸ்திரி தெற்குச் சிறகைச் சுட்டி, "அப்ப இந்த ரெண்டு சுவரும்?" என்று கேட்டார்.

"தரைக்குள்ள இருந்துட்டுப் போகட்டும் மேஸ்திரி."

"சும்மா படுத்துகினு கிடக்கட்டும்ங்கறீங்க. சரி, அதுங்களுக்கு இன்னா சோறா போடப் போறோம்?"

மறுநாள் விழுப்புரத்திலிருந்து கண்டமங்கலம் வழியாகப் புதுச்சேரிக்குப் பேருந்து ஏறினேன். கட்டடக் கலைஞர் நான் வந்த செய்தியைக் கேட்டதும் தம் மேசையிலிருந்து அம்மையார் கையொப்பமிட்ட தாளை எடுத்து முன்னால் வைத்தார். அதை நான் எதிர்பார்த்தே போயிருந்தேன்.

"சார், அவங்க சைன் இருக்கு. ரைட் சைடுன்னு அவங்கதான் சொன்னாங்க. டைப்பிங்குக்கு நார்த் லைட்தான் பெஸ்ட், கண்ணு கூசாது. நான் யோசிச்சுத்தான் போட்டேன்."

"கையெழுத்து உங்களைக் காப்பாத்தும் சார். அந்த அம்மாவோட இன்ஸ்டிட்யூட்டைக் காப்பாத்தாதே."

"அப்போ மிஸ்டேக் என்னுதுங்கறீங்க."

"யாரோட தப்பும் இல்லைங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வரையறப்ப நீங்க எங்க நின்னு வீட்டைப் பார்த்தீங்க?"

அவர் புருவத்தை நெரித்தார். "எங்க நிப்பாங்க? ரோட்லதான்."

"அவங்க வாசப்படியில நின்னு ரோட்டைப் பார்த்தாங்க."

அவர் தாளைத் தம் இரு கைகளாலும் பிடித்து, தெரு மேலே வரும்படி தலைகீழாகத் திருப்பினார். திருப்பிவிட்டு, தம் வலக்கையை அதன் மேல் வைத்துப் பார்த்தார். கை சமையலறையின் மேல் விழுந்தது. "ஐயய்யோ" என்றார். அந்த ஒரு சொல்லோடு அவருடைய கோபம் போய்விட்டது. எங்கள் இருவருக்கும் தேநீர் சொன்னார்.

அதன் பிறகு அவர் செய்தவற்றை மறைக்காமல் எழுதுவது என் கடமை. நான் கொண்டுபோனது சுவர்களைப் பற்றிய யோசனை மட்டும். வீட்டை மீண்டும் வீடாக்கியவர் அவர். சிறகுகளை அப்படியே இடம் மாற்றினால் சமையலறை வடகிழக்கில் விழும். அங்கே அடுப்பு வைக்க யாரும் இசையார். ஆகவே அதைப் பின்னால் தள்ளி வடமேற்கில் அமைத்தார். தளத்தின் கம்பிகளைத் தெற்கின் நீண்ட அறைக்கு ஏற்பக் கணக்கிட்டு மாற்றினார். தெற்கு வெயில் பொறிகளின் மேல் விழுந்து கண்ணைக் கூசச் செய்யும் என்பது அவருடைய உண்மையான கவலை. அதற்காகச் சன்னல்களுக்கு மேல் ஆழமான சன்ஷேடும், பக்கத்தில் செங்குத்தான சிமெண்டுப் பலகைகளும் வரைந்தார். வெளிச்சம் வரும்; வெயில் வராது. சன்னலின் அடிமட்டத்தை, உட்கார்ந்திருக்கும் பெண்ணின் தோளுக்குக் கொஞ்சம் மேலே உயர்த்தினார். பீடத்தின் உயரமும் சேர்வதால் சந்தில் போகிறவர்கள் எட்டிப் பார்க்க முடியாது. உள்ளிருப்பவர்களுக்குக் காற்று தடைப்படாது. முதல் வரைபடத்தில் இவ்வளவு கவனம் இல்லை. இரண்டாவது முதலதைவிடச் சிறந்தது என்பதை அவரே ஒப்புக்கொண்டார்.

எஞ்சியது அக்கினி மூலை. புதிய வரைபடத்தோடு நானும் கட்டடக் கலைஞரும் திண்டிவனம் சென்றோம். பீடத்தின் மேலேயே தாளை விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு செங்கல் வைத்தோம். கணவர் குனிந்து பார்த்தார்.

"அடுப்பு எங்க போச்சு?"

"வடமேற்கு சார். வாயு மூலை. அதுவும் ஏத்த இடம்தான்" என்றார் கட்டடக் கலைஞர். அதை அவர் முந்தைய நாள் மேஸ்திரியிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டிருந்தார்.

"நெருப்பைக் காத்துல கொண்டு போயி வெக்கறதா?"

"காத்து இல்லாம எந்த அடுப்புங்க எரியுது?" என்றார் மேஸ்திரி.

கணவர் அதற்கு இணங்கவில்லை. தம் தாய் என்ன சொல்வார், உறவினர் என்ன சொல்வார் என்று தொடங்கினார். அம்மையார் அவரைப் பேச விட்டார். அவர் முடித்த பிறகு, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"ஏங்க, நம்ம வீட்டுல அடுப்பு எரியறதே அந்த மெஷின் சத்தத்துலதான். அது நின்னுடுச்சுன்னா, அக்கினி மூலையில நான் எதை வெச்சு எரிக்கறது?"

கணவர் தம் மனைவியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு வடக்குச் சந்தைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே ஒருவன் அந்தச் சந்திலிருந்து வெளியே வந்து, எங்கள் செங்கல் அடுக்கின் மேல் சாய்ந்துகொண்டு, மேஸ்திரியை 'மச்சான்' என்று அழைத்து நெருப்புக் கேட்டான். மேஸ்திரி, "உனக்கும் அக்கினி மூலைதான் வேணுமா? நட நட, ஜல்தி" என்று விரட்டினார். கணவருக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது.

"சரி, வாயு மூலையே இருக்கட்டும். எங்கம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்" என்றார்.

திருத்திய வரைபடத்தை நகராட்சியில் மீண்டும் ஒப்படைத்து இசைவு பெற்றோம். வேலை தொடர்ந்தது. எழுப்பிய சுவரில் ஒரு வரிசைக் கல்லைக்கூட நாங்கள் பெயர்க்கவில்லை. யார் மேலும் குற்றம் சுமத்தி யாரும் ஒரு வரி எழுதவில்லை. கட்டடக் கலைஞர் ஊரை விட்டு ஓடவும் இல்லை. அதன் பின்னர் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அவருக்குப் பல வீடுகளைக் கட்டிக் கொடுத்தவன் நான். அம்மையார் தெருவில் அழுததை நான் பார்க்கவில்லை. அவரும் இல்லையென்றே சொல்கிறார். பந்தியில் கேட்ட கதையில் உண்மையாக இருந்தது இடமும் வலமும் மாறியது என்ற ஒன்றுதான்.

எங்கள் வேலைமுறையில் ஒரு மாற்றமும் அன்று முதல் நிலைத்தது. எங்கள் தாள்களில் இடம், வலம் என்ற சொற்களை விலக்கிவிட்டோம். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நான்கு ஓரங்களிலும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதினோம். வீடு கேட்டு வருகிறவர் 'இந்தப் பக்கம்', 'அந்தப் பக்கம்' என்று தொடங்கினால், கட்டடக் கலைஞர் உடனே எழுதுகோலைக் கீழே வைத்துவிடுவார். "முதல்ல எங்க நின்னுகினு சொல்றீங்க, அதைச் சொல்லுங்க" என்பார். படித்தவர்களோடு புதுச்சேரியில் பழகிய அவர் வாயில் எங்கள் மேஸ்திரியின் 'நின்னுகினு' ஏறிவிட்டதைக் கேட்டு எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. சிலர் இந்தக் கேள்வியை விளங்காமல் விழிப்பார்கள். விழுப்புரத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விற்கும் வணிகர் ஒருவர், "உங்க எதிர்லதானேய்யா நின்னுகினு இருக்கேன், கண்ணு தெரியலையா?" என்று சினந்துகொண்டார். அவருக்கும் விளக்கிச் சொன்னோம். விளங்கியதும், தாம் கேட்டதற்கு நேர் எதிராக வரையச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் பயின்ற தமிழ் எனக்கு ஆசிரியப் பணியைத் தரவில்லை. ஒரு சொல்லைச் சொல்கிறவர் எங்கே நின்று அதைச் சொல்கிறார் என்று கேட்கும் பழக்கத்தைத் தந்தது. அந்தப் பழக்கத்தால் ஒரு வீடு உரிய பக்கத்தில் வாசல் பெற்றது. இதைப் பெருமை என்று சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

பயிலகம் புதிய இடத்தில் தொடங்கிய நாளில் சன்னல் கொக்கிகளைச் சரிபார்க்க நான் அங்கே போயிருந்தேன். பொறிகளின் ஓசை அறை முழுவதும் நிறைந்திருந்தது. பிற்பகலில், பள்ளி விட்ட சிறிது நேரத்தில், தெற்குச் சந்து வழியாக ஒருவர் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் அவருடைய மகள் சீருடையில், புத்தகப் பையோடு. முண்டாசும் காலில் ஒட்டிய சேறும் கழனியிலிருந்து நேரே வந்தவர் என்று காட்டின. அவர் உள்ளே வரவில்லை. சந்தில் நின்றபடியே சன்னல்களைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், சந்தின் இரு முனைகளையும் பார்த்தார். அம்மையார் வாசலுக்கு வந்தார்.

"டைப்பு கத்துக்கறதுக்கு வழி இதானுங்களா?"

"இதான். பள்ளிக்கூடத்துல இருந்து நேரா வந்துடலாம்."

"அந்தாண்ட பக்கம் வழி இருக்குதா?"

"அந்தாண்ட பக்கம் எங்க சமையக்கட்டுங்க. அங்க யாரும் வர மாட்டாங்க."

அவர் மறுபடியும் ஒருமுறை சன்னலைப் பார்த்தார். சன்னல் அவருடைய தலைக்கு மேல் இருந்தது. உள்ளே இருந்தவர்களின் கூந்தல்கூட அவருக்குத் தெரிந்திராது.

"நாளையிலருந்து வருவா. தே புள்ள, டீச்சருக்கு வணக்கம் சொல்லு" என்றார்.

அந்தப் பெண் வணக்கம் சொன்னாள். அம்மையார் அவளுடைய பெயரைக் கேட்டுக்கொண்டு உள்ளே போனார். நான் கொக்கியைப் பிடித்தபடி சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டேன்; என் முகத்தில் இருந்த மகிழ்ச்சி, கூலிக்கு வேலை செய்ய வந்தவனுக்கு உரிய அளவைக் கடந்திருந்தது.

எனக்குத் தெரிந்தவை இவ்வளவே. தெரியாதது ஒன்று உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்குப் பின் வடக்குச் சந்தின் சாராயக்கடை மூடப்பட்டது. அறை வடக்கிலேயே இருந்திருந்தால், அந்தச் சில ஆண்டுகளும் பெண்கள் உண்மையில் வராமல் போயிருப்பார்களா என்பது எனக்குத் தெரியாது. அம்மையாரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.